ஃபிளாஷ் பார்ட்டிஷன், பூட்லோடர்: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

எம்பெடட் லினக்ஸ் போர்டுகளோடு மல்லுக்கட்டுகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஒரு பதினாறுக்குள் அடங்கிவிடும். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து தட்டச்சு செய்து அலுத்துவிட்டதால் இங்கே மொத்தமாகப் போட்டுவைக்கிறேன், இனி கேட்பவர்களுக்கு இந்தப் பக்கத்தைத்தான் அனுப்புவேன். பூட்லோடர் என்பது போர்டு எழும்போது ஓடி லினக்ஸ் கெர்னலை ஏற்றிவிடும் நிரல், அப்படிச் சொல்லும் இடத்திலெல்லாம் யூ-பூட் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டளைப் பெயர்களை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன், கன்சோலில் வழக்கம்போல ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்.

எஃப்டிஸ்க் போட்டுப் பார்த்தேன், ஒண்ணுமே காட்டலை. பார்ட்டிஷன் டேபிள் எங்கதான் இருக்கு?

பெரும்பாலான போர்டுகளில் எங்கேயும் இல்லை. ஹார்ட் டிஸ்க்கில் முதல் செக்டாரில் ஒரு அட்டவணை இருக்கும், எஃப்டிஸ்க் மாதிரி பார்ட்டிஷன் கருவி எது வந்தாலும் அதைப் படித்துத் தெரிந்துகொள்ளும். நார், நேண்ட் மாதிரி வெறும் ஃபிளாஷ் சிப்பில் அப்படி எதுவும் எழுதிவைப்பதில்லை. இந்த இடத்திலிருந்து இந்த இடம்வரை பூட்லோடர், அடுத்தது கெர்னல் என்பதெல்லாம் வாய்மொழி ஒப்பந்தம் மாதிரி. யூ-பூட் தன் கட்டமைப்பில் ஒரு கணக்கு வைத்திருக்கும், கெர்னல் தன் டிவைஸ் ட்ரீயிலோ (போர்டில் என்ன வன்பொருள் எங்கே இருக்கிறது என்று கெர்னலுக்குச் சொல்லும் கோப்பு) கட்டளை வரியில் வரும் எம்டிடிபார்ட்ஸ் என்ற மதிப்பிலோ ஒரு கணக்கு வைத்திருக்கும், ஃபிளாஷில் எழுத வேண்டிய இமேஜைத் தயாரிக்கும் உங்கள் ஸ்கிரிப்ட் மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கும். இந்த மூன்றும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க அங்கே யாரும் கிடையாது. கீழே வரும் கேள்விகளில் பாதி, இந்த மூன்று கணக்கில் ஏதோ இரண்டு முட்டிக்கொண்டதால் வந்தவைதான்.

கெர்னல் என்ன நினைத்துக்கொண்டிருக்கிறது என்று பார்க்க ப்ராக் அடைவில் எம்டிடி (வெறும் ஃபிளாஷைக் கையாளும் கெர்னல் பகுதியின் பெயர்) என்ற கோப்பைத் திறந்து பாருங்கள், ஒவ்வொரு பார்ட்டிஷனின் அளவு, எரேஸ் பிளாக் (ஒரே தடவையில் அழிக்கும் துண்டு) அளவு, பெயர் மூன்றும் இருக்கும். இரண்டு இடத்திலும் வரையறை இருந்தால் வழக்கமாகக் கட்டளை வரியில் வந்ததுதான் ஜெயிக்கும். ஆனால் அதில் எழுதியிருக்கும் சிப்பின் பெயர் கெர்னல் வைத்திருக்கும் பெயரோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தவில்லை என்றால் சத்தமே போடாமல் டிவைஸ் ட்ரீக்குப் போய்விடும். எதிலிருந்து எடுத்தது என்பதைப் பூட் லாக்கில் ஒரு வரியில் சொல்லும், 'சிஎம்டிலைன்பார்ட்' என்றோ 'ஃபிக்ஸ்டு-பார்ட்டிஷன்ஸ்' என்றோ. அந்த வரியைத் தேடாமல் மணிக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

நார், நேண்ட், இஎம்எம்சி, எல்லாமே ஃபிளாஷ்தானே? என்ன வித்தியாசம்?

நார் சின்னது, நம்பகமானது, எந்த பைட்டையும் நேரடியாகப் படிக்கலாம். 8 அல்லது 16 மெகாபைட் எஸ்பிஐ (சில கம்பிகளே போதும் தொடர் இணைப்பு) நார்தான் ரவுட்டர்களில் அதிகம் பார்ப்பது. நேண்ட் பெரியது, மலிவானது, ஆனால் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே சில பிளாக்குகள் கெட்டுப்போய்த்தான் வரும், அதற்குக் குறி போட்டு அனுப்புவார்கள். பிட்டுகளும் அவ்வப்போது புரளும், அதனால் ஈசிசி என்ற பிழைதிருத்தம் இல்லாமல் ஒரு பக்கம்கூட (நேண்டில் ஒரு தடவையில் எழுதும் அலகு) நம்ப முடியாது. இரண்டிலுமே எழுதும்போது 1-ஐ 0 ஆக்க முடியுமே தவிர 0-வை 1 ஆக்க முடியாது, அதற்கு ஒரு எரேஸ் பிளாக்கை மொத்தமாக அழிக்க வேண்டும். எஸ்பிஐ நாரில் அது பெரும்பாலும் 64 கிலோபைட், 2048 பைட் பக்கம் கொண்ட நேண்டில் 64 பக்கம் சேர்ந்து 128 கிலோபைட்.

இஎம்எம்சியும் உள்ளே நேண்ட்தான், ஆனால் ஒரு கண்ட்ரோலர் உட்கார்ந்து இந்தத் தலைவலிகளைத் தானே பார்த்துக்கொள்கிறது. வெளியே சாதாரண டிஸ்க் மாதிரி தெரியும், எஃப்டிஸ்க் வேலை செய்யும், எம்டிடிக்கு அங்கே இடமில்லை. பொதுவாக, எம்எம்சிபிளாக்0 என்று சாதனம் தெரிந்தால் இஎம்எம்சி அல்லது எஸ்டி கார்டு, எம்டிடி0 என்று தெரிந்தால் வெறும் ஃபிளாஷ்.

ஒரு பூட்லோடர் போதாதா? எஸ்பிஎல்னு இன்னொண்ணு எதுக்கு?

மின்சாரம் வந்தவுடன் பெரிய ரேம் வேலை செய்யாது, அதை யாராவது எழுப்பிவிட வேண்டும். அதுவரை பிராசசருக்குள்ளேயே இருக்கும் சின்ன எஸ்ரேம்தான் கதி, அதில் முழு யூ-பூட் அடங்காது. அதனால் சிப்பில் உள்ள ரோம் நிரல், குட்டியாக வெட்டிய யூ-பூட்டான எஸ்பிஎல்லை அதில் ஏற்றுகிறது, எஸ்பிஎல் ரேமை எழுப்பி முழு யூ-பூட்டைக் கொண்டுவருகிறது.

ரோம் நிரலை நீங்கள் மாற்ற முடியாது, அது தேடும் இடத்தில்தான் எஸ்பிஎல் இருந்தாக வேண்டும். எஸ்டி கார்டில் ஆல்வின்னர் சிப்புகள் 8-வது கிலோபைட்டில் பார்க்கும், ஐ.எம்எக்ஸ்6 1-வது கிலோபைட்டில், ராக்சிப் 64-வது செக்டாரில், அதாவது 32-வது கிலோபைட்டில். வேறு சிப்புக்கு எழுதிய வழிகாட்டியைப் பார்த்து அப்படியே டிடி (பைட்டுகளைச் சொன்ன இடத்தில் நகலெடுக்கும்) கட்டளையைக் காப்பியடிக்காதீர்கள் என்று நான் கத்துவது இதனால்தான்.

எதுக்கு எவ்வளவு இடம் ஒதுக்கணும்? எல்லையை எங்க வேணா வெக்கலாமா?

எல்லையை எரேஸ் பிளாக்கின் மடங்கில்தான் வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் கெர்னல் அந்தப் பார்ட்டிஷனை 'ஃபோர்ஸ் ரீட்-ஒன்லி' என்று பூட்டிவிடும். பூட்டாமல் விட்டால் ஒன்றை அழிக்கும்போது பக்கத்து வீட்டுச் சுவரும் இடியும்.

16 மெகாபைட் நாருக்கு நான் போடும் கணக்கு இது: யூ-பூட்டுக்கு 512 கிலோபைட், யூ-பூட் தன் அமைப்பு மதிப்புகளைச் சேமிக்கும் என்விரான்மென்ட்டுக்கு (சுருக்கமாக என்வ்) 64, அதன் நகலுக்கு 64, சாதனத்துக்கே உரிய மேக் முகவரி, வானொலி அளவுத்திருத்தம் போன்றவற்றுக்கு 64, கெர்னலுக்கு 5120. கூட்டினால் 5824, மொத்தம் 16384-இல் கழித்தால் ரூட் கோப்பமைப்புக்கு 10560 கிலோபைட் மிச்சம். கெர்னலுக்குத் தாராளமாக விடுங்கள், இன்று 3 மெகாபைட் இருப்பது இரண்டு வருடத்தில் 4-ஐத் தாண்டும், வெளியே போன சாதனத்தில் எல்லையை நகர்த்துவது போல ஒரு தொல்லை வேறு இல்லை.

அந்த 64 கிலோபைட் அளவுத்திருத்தப் பகுதி பற்றித் தனியாக ஒரு வார்த்தை. ரவுட்டர்களில் அது 'ஏஆர்டி' அல்லது 'ஃபேக்டரி' என்ற பெயரில் இருக்கும். ஒவ்வொரு சாதனத்துக்கும் வேறு வேறு, இணையத்தில் தேடினாலும் கிடைக்காது. வேறு எதையும் தொடுவதற்கு முன் முதலில் அதை நகலெடுத்துக் கணினியில் பத்திரமாக வையுங்கள்.

பூட் ஆகும்போது 'பேட் சிஆர்சி, யூசிங் டிஃபால்ட் என்விரான்மென்ட்'னு வருது. விட்டுடலாமா?

புது போர்டு என்றால் விட்டுவிடலாம். என்விரான்மென்ட் பகுதி காலியாக இருக்கிறது, அதனால் சிஆர்சி (தரவு கெடவில்லையா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) பொருந்தவில்லை, நிரலுக்குள் இருக்கும் இயல்பு மதிப்புகளை எடுத்துக்கொண்டது. என்விரான்மென்ட்டை ஃபிளாஷில் எழுதும் சேவ்என்வ் கட்டளையை ஒருமுறை கொடுத்தால் போய்விடும். ஆனால் நேற்றுவரை வராமல் இன்று வந்தால் கொஞ்சம் நில்லுங்கள்.

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். யூ-பூட்டுக்கு 384 கிலோபைட், அதை ஒட்டியே என்விரான்மென்ட். யூஎஸ்பி ஆதரவும் இரண்டு மூன்று கட்டளைகளும் சேர்த்துக் கட்டினேன், பைனரி 410 கிலோபைட் ஆனதைக் கவனிக்கவில்லை. எழுதினேன், பூட் ஆனது, இந்தச் சிஆர்சி எச்சரிக்கை வந்தது. அடடா, என்வ் அழிந்துவிட்டது போல என்று நினைத்துச் சேவ்என்வ் தட்டினேன். அது 384-வது கிலோபைட்டிலிருந்து 64 கிலோபைட்டை விசுவாசமாக அழித்தது, அங்கே இருந்தது யூ-பூட்டின் வால். ரீபூட் செய்தேன், கன்சோலில் ஒரு எழுத்துகூட வரவில்லை. எச்சரிக்கை உண்மையைத்தான் சொன்னது, நான்தான் வேறு அர்த்தம் எடுத்துக்கொண்டேன். இப்போதெல்லாம் பைனரி அளவு எல்லையைத் தாண்டினால் பில்டே நிற்கும்படி வைத்திருக்கிறேன்.

யூ-பூட்ல பிரிண்ட்என்வ் சரியா வருது, லினக்ஸ்ல எஃப்டபிள்யூ_பிரிண்ட்என்வ் போட்டா மட்டும் பேட் சிஆர்சி. ஏன்?

லினக்ஸிலிருந்து யூ-பூட்டின் என்விரான்மென்ட்டைப் படிக்கும் அந்தக் கருவிக்காக எடிசி அடைவில் எஃப்டபிள்யூ_என்வ்.கான்ஃபிக் என்ற கோப்பு இருக்கிறது, அதில் சாதனம், தொடக்கம், என்வ் அளவு, செக்டார் அளவு என்று நான்கு எண்ணம் கொடுக்க வேண்டும். முதல் கேள்வியில் சொன்ன அதே கதை, யூ-பூட்டை உருவாக்கியபோது கொடுத்த எண்களோடு இவை பொருந்த வேண்டும். சிஆர்சி முழு என்வ் அளவுக்கும் கணக்கிடப்படுவதால், உள்ளே இருப்பது பத்தே வரியானாலும் அளவு தவறினால் சிஆர்சியும் தவறும்.

எண்களெல்லாம் சரி, இன்னும் வரவில்லையா? யூ-பூட்டில் இரட்டை என்வ் இயக்கப்பட்டிருக்கும், உங்கள் கோப்பில் ஒரே வரிதான் இருக்கும். இரட்டை முறையில் 4 பைட் சிஆர்சிக்குப் பிறகு எது புதியது என்று சொல்ல ஒரு பைட் கூடுதலாக வரும், ஒற்றை என்று நினைத்துப் படிக்கும் கருவிக்கு எல்லாம் ஒரு பைட் தள்ளிப்போய்விடும். இரண்டாவது வரியைச் சேருங்கள், தீர்ந்தது.

லினக்ஸ்லேர்ந்தே டிடி போட்டு எம்டிடிபிளாக்ல எழுதிடலாமா? எனக்கு வேலை செஞ்சுது.

நாரில் செய்யும். நேண்டில் ஒரு கெட்ட பிளாக் வரும்வரை செய்யும். ஃபிளாஷைச் சாதாரண டிஸ்க் மாதிரி காட்டும் எம்டிடிபிளாக்குக்குக் கெட்ட பிளாக் என்றால் என்னவென்றே தெரியாது, உங்கள் மேசையில் இருக்கும் போர்டில் அந்தப் பகுதி சுத்தமாக இருந்தது, அவ்வளவுதான். நாருக்கு ஃபிளாஷ்சிபி பயன்படுத்துங்கள், அழித்து, எழுதி, திரும்பப் படித்துச் சரிபார்த்தும் தரும். நேண்டில் கெர்னல் மாதிரி வெறும் இமேஜுக்கு ஃபிளாஷ்_எரேஸ், அப்புறம் நேண்ட்ரைட். யூபிஐ (அடுத்த கேள்வியில் விளக்குகிறேன்) இமேஜுக்கு யூபிஐஃபார்மேட், ஏனென்றால் அதுதான் ஒவ்வொரு பிளாக்கும் இதுவரை எத்தனை தடவை அழிக்கப்பட்டது என்ற கணக்கை அழியாமல் காப்பாற்றும்.

யூபிஐ, யூபிஐஎஃப்எஸ் ரெண்டும் ஒண்ணா? 126976னு ஒரு நம்பர் எல்லா இடத்திலும் வருதே, அது என்ன?

இரண்டும் வேறு. யூபிஐ என்பது அடியில் இருக்கும் அடுக்கு, தேய்மானத்தைப் பரப்புவது, கெட்ட பிளாக்கை ஒதுக்கிவைப்பது அதன் வேலை, அதன் மேல் வால்யூம்கள் உருவாக்கலாம். கெர்னலில் 2007-இல் 2.6.22-இல் வந்தது. யூபிஐஎஃப்எஸ் அந்த வால்யூமின் மேல் உட்காரும் கோப்பமைப்பு, அடுத்த வருடம் 2.6.27-இல் சேர்ந்தது. நேண்டைப் பத்துத் துண்டாக வெட்டாமல், பூட்லோடரை மட்டும் தனியாக வைத்துவிட்டு மிச்சம் எல்லாவற்றையும் ஒரே யூபிஐ பார்ட்டிஷனாக விட்டு உள்ளே வால்யூம்களாகப் பிரியுங்கள் என்பதே என் கட்சி. சின்னப் பார்ட்டிஷனில் நான்கு பிளாக் கெட்டால் அந்தப் பார்ட்டிஷனே போச்சு, பெரிய குளத்தில் நான்கு பிளாக் கெட்டதை யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள்.

அந்த எண்ணுக்கு வருவோம். 128 கிலோபைட் என்பது 131072 பைட். ஒவ்வொரு பிளாக்கின் தொடக்கத்திலும் யூபிஐ தன் இரண்டு தலைப்புகளுக்கு இரண்டு பக்கம் எடுத்துக்கொள்கிறது, 2048 பைட் பக்கம் என்றால் 4096 போக மிச்சம் 126976. சில நேண்டில் 512 பைட் துணைப்பக்கம் உண்டு, இரண்டு தலைப்பும் ஒரே பக்கத்தில் அடங்கிவிடும், அப்போது 129024. இமேஜ் ஒன்றில் செய்து சாதனம் மற்றதை எதிர்பார்த்தால் மவுண்ட் ஆகாது. இதுவும் அதே ஒப்பந்தப் பிரச்சினைதான்.

யூபிஐ இமேஜை யூ-பூட்ல நேண்ட் ரைட் போட்டு எழுதினேன். முதல் பூட் சூப்பர், ரெண்டாவது பூட்ல ஈசிசி எரர் மழையா கொட்டுது.

இது உண்மையிலேயே குழப்பமானது. இமேஜில் பிளாக்குகளின் கடைசியில் காலிப் பக்கங்கள் இருக்கும், எல்லா பிட்டும் 1. சாதாரண நேண்ட் ரைட் அதையும் ஒரு தரவாக நினைத்து எழுதும், எழுதும்போது ஈசிசி பைட்டுகளும் பதிவாகும். யூபிஐஎஃப்எஸ்ஸோ அந்தப் பக்கம் காலி என்று நம்பி அதன் மேல் எழுதுகிறது. அழிக்காமல் இரண்டு முறை எழுதப்பட்ட பக்கத்தின் ஈசிசி குப்பையாகிவிடும்.

தீர்வு இரண்டு. நேண்ட் ரைட்டோடு ட்ரிம்எஃப்எஃப்எஸ் என்ற பின்னொட்டைச் சேர்த்தால் கடைசிக் காலிப் பக்கங்களை விட்டுவிடும். அல்லது எம்கேஎஃப்எஸ்.யூபிஐஎஃப்எஸ்ஸுக்குப் பெரிய எஃப் விருப்பத்தைக் கொடுத்தால் முதல் மவுண்ட்டிலேயே அது தன்னைச் சரிசெய்துகொள்ளும். நான் இரண்டையும் செய்வேன். யூபிஐஃபார்மேட் பயன்படுத்துகிறவர்களுக்கு இந்தக் கவலை இல்லை.

யூ-பூட் நல்லா படிக்குது, கெர்னல் மட்டும் மைனஸ் 74னு அழுது. சிப் போச்சா?

சிப் போகவில்லை. மைனஸ் 74 என்றால் ஈசிசியால் திருத்த முடியவில்லை என்று பொருள். எல்லாப் பக்கத்திலும் வந்தால் யூ-பூட் எழுதிய ஈசிசி முறையும் கெர்னல் எதிர்பார்க்கும் முறையும் வேறு, ஒன்று பிசிஎச்8, மற்றது 1 பிட் ஹாமிங் என்கிற மாதிரி. டிவைஸ் ட்ரீயில் நேண்டின் ஈசிசி வலிமையைப் பாருங்கள். ரோம் நிரலுக்கும் சொந்தமாக ஒரு ஈசிசி முறை உண்டு, எஸ்பிஎல் இருக்கும் பிளாக்குகளை அதன்படிதான் எழுத வேண்டும். ஒரு சில பக்கத்தில் மட்டும் வந்தால்தான் சிப்பைச் சந்தேகப்படுங்கள்.

'அனேபிள் டு மவுண்ட் ரூட் எஃப்எஸ் ஆன் அன்நோன்-பிளாக் 0,0'. நூறு தடவை பார்த்துட்டேன், இன்னும் புரியலை.

அந்த இரண்டு எண்ணில்தான் பதில் இருக்கிறது. 0,0 என்றால் நீங்கள் ரூட் என்று கொடுத்த பெயர் கெர்னலுக்கு அடையாளமே தெரியவில்லை: டிரைவர் இல்லை, அல்லது பெயர் தவறு, அல்லது யூபிஐ.எம்டிடி மதிப்பைக் கொடுக்க மறந்து வெறும் யூபிஐ0:ரூட்எஃப்எஸ் என்று மட்டும் கொடுத்திருக்கிறீர்கள். இஎம்எம்சி, எஸ்டி என்றால் ரூட்வெயிட் சேர்க்காததால் சாதனம் எழுவதற்குள் கெர்னல் அவசரப்பட்டிருக்கலாம். 31,3 என்று வந்தால் 31 என்பது எம்டிடிபிளாக், சாதனம் கிடைத்துவிட்டது, உள்ளே இருக்கும் கோப்பமைப்புதான் புரியவில்லை. 179 என்றால் எம்எம்சி, அதே கதை. நடுவில் ஒரு பார்ட்டிஷன் சேர்த்தால் எண்கள் எல்லாம் ஒன்று தள்ளிப்போகும் என்பதையும் மறக்காதீர்கள். யூபிஐயில் எண்ணுக்குப் பதில் பெயரைக் கொடுக்கலாம், கொடுங்கள்.

16 எம்பி நாரை 32 எம்பியா மாத்தினேன். பவர் ஆஃப் பண்ணி ஆன் பண்ணா வருது, ரீபூட் கொடுத்தா செத்துடுது!

அழகான கேள்வி. 3 பைட் முகவரியால் 16 மெகாபைட்வரைதான் எட்ட முடியும். அதைத் தாண்டிப் படிக்க லினக்ஸ் சில சிப்புகளை 4 பைட் முறைக்கு மாற்றிவிடுகிறது. ரீபூட்டில் பிராசசர் மட்டும்தான் ரீசெட் ஆகிறது, ஃபிளாஷுக்கு மின்சாரம் நிற்கவே இல்லை, அது 4 பைட் முறையிலேயே காத்திருக்கிறது. ரோம் நிரல் 3 பைட்டில் பேசுகிறது. ஒருவர் சொல்வது மற்றவருக்குப் புரியாமல் இருவரும் காத்துக்கிடக்கிறார்கள்.

சரியான தீர்வு வன்பொருளில்: ரீசெட் கால் உள்ள சிப்பை எடுத்து அதை ரீசெட் கோட்டோடு இணைப்பது. போர்டு ஏற்கெனவே அடித்தாகிவிட்டது என்றால் டிவைஸ் ட்ரீயில் 'ப்ரோக்கன்-ஃபிளாஷ்-ரீசெட்' என்று சேருங்கள், கெர்னல் மூடும்போது பழைய முறைக்குத் திருப்பிவிடும். ஆனால் வாட்ச்டாக் (சாதனம் தொங்கினால் தானே ரீசெட் செய்யும் டைமர்) திடீரென்று ரீசெட் செய்தால் அந்த வாய்ப்பே கிடைக்காது.

இஎம்எம்சில ஜிபிடி போட்ட உடனே போர்டு பூட் ஆகலை. எதுவும் அழிக்கலையே?

அழித்தீர்கள். ஜிபிடி என்ற பார்ட்டிஷன் முறையின் தலைப்பும் அட்டவணையும் முதல் 34 செக்டாரை, அதாவது 17 கிலோபைட்டைப் பிடித்துக்கொள்ளும். எஸ்பிஎல் 8-வது கிலோபைட்டில் இருக்க வேண்டிய சிப் என்றால் இரண்டும் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தன. பழைய எம்பிஆர் முறை போதுமென்றால் அதைப் போடுங்கள், முதல் செக்டார் மட்டும்தான் போகும். ஜிபிடிதான் வேண்டுமென்றால் எஸ்ஜிடிஸ்க்கில் சிறிய ஜே விருப்பம் அட்டவணையைத் தள்ளிவைக்கும். 32-வது கிலோபைட் சிப்புகளுக்கு இந்தத் தொல்லை இல்லை.

உங்கள் சிப்பின் ரோம் ஆதரித்தால் இதைவிடச் சுத்தமான வழி, இஎம்எம்சிக்குள்ளேயே பூட்லோடருக்கென்று இருக்கும் பூட்0, பூட்1 என்ற தனிப் பகுதிகள். லினக்ஸில் அவை பூட்டித்தான் இருக்கும், ஃபோர்ஸ்_ஆர்ஓ என்ற கோப்பில் 0 எழுதிய பிறகே எழுத முடியும். எதிலிருந்து பூட் ஆக வேண்டும் என்பதை யூ-பூட்டில் எம்எம்சி பார்ட்கான்ஃப் கட்டளை தீர்மானிக்கும்.

அப்டேட் நடுவுல கரண்ட் போனா என்ன பண்றது?

இரண்டு நகல். ஏ ஓடும்போது பி-யில் எழுதுங்கள், முடிந்ததும் யூ-பூட் மாறியில் பி என்று குறித்துவிட்டு ரீபூட். பி எழாவிட்டால் திரும்பி வர பூட்கவுண்ட், பூட்லிமிட், ஆல்ட்பூட்சிஎம்டி என்று ஏற்பாடு இருக்கிறது: ஒவ்வொரு பூட்டுக்கும் எண்ணிக்கை ஏறும், எல்லையைத் தாண்டினால் வழக்கமான பூட்சிஎம்டிக்குப் பதில் மாற்றுக் கட்டளை ஓடும், லினக்ஸ் நன்றாக எழுந்தபின் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்க வேண்டும். என்விரான்மென்ட்டில் எண்ணிக்கை வைத்தால் அப்கிரேட்_அவைலபிள் என்ற மாறி இருக்கும்போது மட்டும்தான் எழுதும், இல்லையென்றால் ஒவ்வொரு பூட்டும் ஃபிளாஷைத் தேய்க்கும். ஆர்ஏயூசி, எஸ்டபிள்யூஅப்டேட் போன்ற அப்டேட் கருவிகள் மேல் வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

எல்லோரும் மறப்பது வாட்ச்டாக். கெர்னல் பாதியில் தொங்கி நின்றுவிட்டால் யார் ரீபூட் செய்வது? ரீபூட் இல்லாமல் எண்ணிக்கை ஏறாது. யூ-பூட்டிலேயே வாட்ச்டாக்கை ஓடவிட்டுவிட்டுக் கெர்னலிடம் கைமாற்றுங்கள்.

கன்சோல் செத்துப்போச்சு. இனி குப்பைதானா?

அவசரப்படாதீர்கள். முதலில் சீரியல் கம்பியைப் பாருங்கள், 115200 வேகம், 3.3 வோல்ட், கிரவுண்ட் இணைந்திருக்கிறதா. அப்புறம் ரோம் நிரல் இன்னும் உயிரோடுதான் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். ஆல்வின்னரில் ஃபெல் முறை, ராக்சிப்பில் மாஸ்க்ரோம் முறை, என்எக்ஸ்பி ஐ.எம்எக்ஸில் யூயூயூ கருவி, இவை யூஎஸ்பி வழியாக நேரே ரேமில் யூ-பூட்டை ஏற்றும். ஏஎம்335எக்ஸ் சிப் சீரியல் வழியாகவே எக்ஸ்மோடம் என்ற கோப்பு அனுப்பும் முறையில் வாங்கிக்கொள்ளும்.

எதுவும் இல்லாத எஸ்பிஐ நார் என்றால் சிப்பைக் கவ்வும் 8 கால் கிளிப், சிஎச்341ஏ புரோகிராமர், ஃப்ளாஷ்ரோம் மென்பொருள். என் 410 கிலோபைட் போர்டை அப்படித்தான் மீட்டேன். கிளிப் வழியாகப் போகும் மின்சாரம் மொத்த போர்டையும் எழுப்பப் பார்க்கும், அதனால் படிப்பது தடுமாறும். இரண்டு முறை படித்து இரண்டும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடாமல் எதையும் எழுதாதீர்கள். அந்தப் புரோகிராமரின் சில வகைகள் சிப் 3.3 வோல்ட் என்றாலும் தரவுக் கோடுகளில் 5 வோல்ட் விடும், 1.8 வோல்ட் சிப்பில் அதைக் காட்டவே கூடாது.

வெளியே போன சாதனத்துல பூட்லோடரையே அப்டேட் பண்ணலாமா?

முடிந்தவரை வேண்டாம். கெர்னலும் ரூட்டும் கெட்டால் பூட்லோடர் காப்பாற்றும், பூட்லோடர் கெட்டால் முந்தைய பதிலில் சொன்ன கிளிப்பை எடுத்துக்கொண்டு ஒருவர் நேரில் போக வேண்டும். ஒற்றை நகல் நாரில் நான் செய்யவே மாட்டேன்.

செய்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு நகல் சாத்தியமான இடத்தில் மட்டும். இஎம்எம்சியில் பூட்0 ஓடினால் பூட்1-இல் எழுதி, திரும்பப் படித்து ஒப்பிட்டு, கடைசியாகப் பார்ட்கான்ஃபை மாற்றுங்கள், பழையது அப்படியே இருக்கும். ஏஎம்335எக்ஸ் நேண்டில் ரோம் முதல் நான்கு பிளாக்குகளையும் வரிசையாகத் தேடும், எஸ்பிஎல்லின் நான்கு நகலையும் ஒரே மூச்சில் அழிக்காமல் ஒவ்வொன்றாக மாற்றி, ஒவ்வொன்றையும் படித்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.